காற்றில்லா நாள்

அமெரிக்கக் கரையோர ஊர்களில் கோடை விடுமுறை வந்ததும் பாய்மரப் படகுச் சங்கங்கள் சிறுவர் முகாம் நடத்துவது வழக்கம். அங்கே பெரிதும் காணப்படுவது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சிறு படகு. புளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் 1947ஆம் ஆண்டு கிளார்க் மில்ஸ் என்பார் வடிவமைத்தது அது. ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய், 15 வயது வரையுள்ள பிள்ளை தனியே செலுத்தத் தக்கது.

தொடக்கப் பாடமே விந்தையானது. படகைக் கவிழ்க்கக் கற்பிக்கின்றனர்! உயிர்காப்புச் சட்டை அணிந்த பிள்ளை, படகைத் தானே சாய்த்து நீரில் விழவேண்டும். பின்னர் அடிப்புறம் நீண்டிருக்கும் நடுப்பலகையின்மேல் ஏறித் தன் உடற்பாரத்தால் அதனை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த படகில் நீர் நிறைந்திருக்கும். அதையும் தானே இறைத்தாக வேண்டும். அழுதுகொண்டே இறைப்போரும் உண்டு. விசைப்படகில் அருகிருக்கும் பயிற்றுநர் உடனே கை நீட்டுவதில்லை. அவ்வாறு வாளாவிருத்தல் எத்துணைக் கடினம் என்பதை வகுப்பறையில் நின்றோர் அறிவர்.

காற்று வீசாத நாளில் பாடமில்லை. கூடிக் களித்தலே வேலை. படகுகளைப் பக்கம்பக்கமாகப் பிணைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவர். கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்பர். நீர் இறைக்கும் கலத்தாலேயே ஒருவரையொருவர் நனைப்பர். முதல் நாள் அழுத பிள்ளை, எவரும் கேளாமலே தன் படகைக் கவிழ்த்துவிட்டு, நீருக்குள்ளிருந்து தலைநீட்டிச் சிரிக்கும்.