எழுபது வளைவும் ஒரு கறுப்பு டப்பாவும்

கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். அதில் பன்னிரண்டாம் நம்பர் பலகையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அதன் எதிரில்தான் என் மோட்டார் சைக்கிள் மூச்சை நிறுத்தியது. பின் ஸீட்டில் மனைவி. மேலேயிருந்து அரசு பஸ்.

கதையைக் கொஞ்சம் பின்னால் கொண்டு போகிறேன். (வண்டியும் அப்போது பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.)

போன தீபாவளி போனஸில் வண்டிக்கு ஒரு நகை வாங்கினேன். டியூனர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா. விலை பதினெட்டாயிரம். ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பன்தான் ஏற்றிவிட்டான். "உன் வண்டி மூச்சு முட்டுது மச்சி. புகைச் சட்டத்துக்குப் பயந்து கம்பெனிக்காரன் பெட்ரோலைக் குறைச்சுக் கொடுக்கறான். இதைச் சொருகு, பறக்கும்!" சொருகினேன். வீட்டில் 'ஸர்வீஸ் செலவு' என்று சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இந்த டப்பா என்ன செய்கிறது? ஆபீஸ்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கார்புரேட்டர் காலத்தில் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது பெட்ரோலும் கூடவே வந்து சேரும், கணக்கெல்லாம் குத்துமதிப்பு. இப்போதைய வண்டிகளில் ஈ.சி.யூ. என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஹெட் கிளார்க் மாதிரி. காற்று எவ்வளவு வருகிறது, எவ்வளவு சூடு, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறான் என்றெல்லாம் சென்ஸார்களிடம் ரிப்போர்ட் வாங்கி, இன்ஜெக்டர் எத்தனை நேரம் வாயைத் திறக்கவேண்டும் என்று உத்தரவு போடும். நேரம் என்றால் ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டு அதில் சில கூறுகள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சுத்தமாக எரிவதற்கான கணக்கு. சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார், எரிந்த புகையை மோந்து பார்த்து, 'அதிகம்', 'குறைவு' என்று ஹெட் கிளார்க்குக்குத் திருப்பிக் குறிப்பு அனுப்பும்.

டியூனர் யார்? ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட்ட வவுச்சர் கேஷியரிடம் போகிற வழியில், வராந்தாவில் நின்று தொகையைத் திருத்துகிற ஆசாமி. "நூறா? நூற்றுப் பத்துன்னு போடு!" ஈ.சி.யூ.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிவிடும். கூடுதல் பெட்ரோல், கூடுதல் இழுவை. நல்ல டப்பாவை நன்றாகப் பொருத்தினால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. முதல் மூன்று மாதம் நானும் பறந்தேன். பெட்ரோல் செலவும் பறந்தது.

நாலாவது மாதம் ஆரம்பித்தது வியாதி. சிக்னலில் நிற்கும்போது பட்டென்று ஆஃப். ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட்! ஸர்வீஸ் ஸென்டருக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டினார்கள். "எரர் கோடே இல்ல ஸார். வண்டி பர்ஃபெக்ட்." பிளக் மாற்றினார்கள். ஏர் ஃபில்ட்டர் மாற்றினார்கள். கடைசியில் பழியைப் பெட்ரோல் மேல் போட்டார்கள். "எல்லாம் எத்தனால் பண்ற வேலை ஸார்." இப்போது நம் பங்குகளில் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல்தான் என்பது வாஸ்தவம். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். அதே காற்றுக்கு எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் அதற்காக வண்டி டீக்கடைக்கு எதிரில் பார்த்து நிற்காது.

இந்த நிலைமையில்தான் கல்யாண நாள் வந்தது. "ஆகாய கங்கை பார்க்கணும்னு அஞ்சு வருஷமா சொல்றேன்" என்றாள் மனைவி. கிளம்பிவிட்டோம்.

நெடுஞ்சாலையில் வண்டி தேவதை. உளுந்தூர்பேட்டை, சேலம் என்று ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. சேலம் டவுனுக்குள் நெரிசலில் மாட்டியதும் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவை டீ குடித்தோம். மறுநாள் காலை நாமக்கல். ஒரே கல்லில் மலை, மலை மேல் கோட்டை, கீழே பதினெட்டு அடி ஆஞ்சநேயர். ஊரைச் சுற்றிலும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். கும்பிட்டுவிட்டு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வந்தோம். அங்கிருந்து ரோடு செங்குத்தாக மேலே பார்க்க ஆரம்பிக்கிறது.

முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். வேகம் இல்லை, காற்று இல்லை, இன்ஜின் கொதிக்கிறது. பன்னிரண்டாவது வளைவில் வண்டியை வலப்பக்கம் சாய்த்துத் திருப்பும்போது 'பொட்'. சாய்ந்த வண்டியில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இழுத்து நிமிர்த்த சக்தியே இருக்காது. மேலேயிருந்து பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். சக்கரம் சரளையில் சறுக்கிப் பின்னால் நழுவியது. மனைவி குதித்துவிட்டாள். நான் வண்டியோடு சுவரில் சாய்ந்தேன். பஸ் நின்றது, அதன் பம்பருக்கும் என் ஹெட்லைட்டுக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு இலை போடலாம்.

டிரைவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தலையை வெளியே நீட்டி, "ஓரமா நிறுத்துங்க தம்பி. மலை எங்கீயும் போயிராது" என்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

மனைவி பேசவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. நான் ஹாரனும் ஏ.பி.எஸ்.ஸும் வேண்டுமே என்று சாவியை மட்டும் ஆனில் வைத்து, இரண்டாம் கியரில் விட்டு, இறந்த இன்ஜினோடு மெதுவாகக் கீழே இறங்கினேன். கியரில் விட்டால் செத்த இன்ஜினும் பிரேக் பிடிக்கும். ஐந்தாவது வளைவு வரும்போது, யாரும் கேட்காமலே, இன்ஜினுக்கு உயிர் வந்தது! அந்த நிமிஷம்தான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் ஸீட்டுக்கு அடியில் திரும்பியது.

சேந்தமங்கலத்தில் ஒரு லாரி எலெக்ட்ரீஷியன் கொட்டகை. ஐம்பது ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அழுக்கு லுங்கி, நெற்றியில் விபூதி.

"என்னங்க தம்பி பண்ணுது?"

"சூடானா நின்னுடுதுங்கண்ணா. டீ குடிச்சா சரியாயிடுது."

"டீ நீங்க குடிக்கோணுமா, வண்டி குடிக்கோணுமா?"

மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஸ்கேனர், லேப்டாப் எதுவும் அவரிடம் இல்லை. ஸீட்டைக் கழற்றச் சொன்னார். டப்பாவைப் பார்த்தார். "இது யாருங்க, விருந்தாளியா?" என்றார். வெயிலில் நிறுத்தி ஸீட்டை மேலே சும்மா வைத்து மூடி, இன்ஜினை ஓடவிட்டார். கால் மணியில் 'பொட்'. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எழுந்திருக்காமலே காரியத்தை ஆரம்பித்தார்.

சாவியைப் போட்டதும் டாங்க்கிலிருந்து 'ங்ங்' என்று இரண்டு வினாடி சத்தம். "பம்ப் ஓடுதுங்க." ஒரு பழைய பிளக்கைக் காயில் முனையில் சொருகி இன்ஜின் மேல் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். நீலப் பொறி. "கரண்ட்டும் வருது. அப்போ எண்ணெய் எறங்கல." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எல்.ஈ.டி. டெஸ்டரை எடுத்தார். "லாரிக்கு வெக்கிற பல்பு டெஸ்டரை இதுல வெக்கப்படாதுங்க. கரண்டை நெறைய இழுத்துக் கம்ப்யூட்டரைக் காலி பண்ணிப்போடும்."

ஈ.சி.யூ.விலிருந்து டப்பாவுக்குள் நுழையும் ஒயரில் டெஸ்டரை வைத்தார். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மினுக், மினுக் என்று மின்னியது. ஹெட் கிளார்க் உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருந்தார். டப்பாவிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரில் வைத்தார். அழுத்தினேன். இருட்டு.

"உங்க விருந்தாளி கடுதாசியை வாங்கி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க."

ஆனாலும் அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. டப்பாவின் எர்த் ஒயரைத் தேடினார். பெயின்ட் அடித்த போல்ட் மேலேயே மாட்டியிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினார். பின்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஓடும்போது ஒயர்க் கட்டைப் பிடித்து ஆட்டினார். மறுபடி வெயில், மறுபடி கால் மணி, மறுபடி 'பொட்'. அப்புறம் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து டப்பா மேல் மட்டும் போட்டார். வேறு எதையும் தொடவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து அழுத்தச் சொன்னார். ஸ்டார்ட்!

"உள்ளுக்குள்ள ஏதோ சால்டர் விட்டிருக்கும்போல. சூட்டுல விரியுது, ஆறுனா ஒட்டிக்குது."

"அப்புறம் ஏண்ணா ஸ்கேனர்ல தெரியலை?"

"நெசமான இன்ஜெக்டர் கழண்டா கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுபோடுமுங்க. இந்த டப்பா 'நான்தான் இன்ஜெக்டர்'னு வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது. அதுங்கிட்டக் கேட்டா எல்லாஞ் சவுரியம்னுதான் சொல்லும்."

அதுதான் விஷயம். அந்த மாதிரி டப்பாக்களுக்குள், ஈ.சி.யூ.வைச் சமாதானப்படுத்த, இன்ஜெக்டர் போலவே கரண்ட்டை இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும். இல்லாவிட்டால் மாட்டிய அன்றைக்கே எச்சரிக்கை விளக்கு எரியும். ஏமாற்றுவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய சாமான் ஏமாற்றுகிறது என்று நான் எந்தக் கோர்ட்டுக்குப் போக?

பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டப்பாவின் இரண்டு கனெக்டர்களையும் பிடுங்கி, வண்டியோடு பிறந்த கனெக்டரை அதன் ஜோடியிலேயே சொருகினார். பத்து நிமிஷ வேலை. நாலு மாதமாக நான் செய்யாத பத்து நிமிஷ வேலை. கூலி இருநூறு ரூபாய். டப்பாவைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி, ஏதோ சாமி பிரசாதம் மாதிரி என் கையில் கொடுத்தார்.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி காரவள்ளி. மனைவி என் சட்டையை இடுப்பருகே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது அன்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது பலகை வந்தபோது இருவருமே மூச்சு விடவில்லை. வண்டி விட்டது. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தோம். கீழே வயல்கள் பாய் விரித்தது போல. மேலே போகப்போக மரத்தில் சுற்றிய மிளகுக்கொடி, பலா, நடுநடுவே காப்பிச் செடி, முகத்தில் ஜில்லென்று காற்று. மலையின் மேற்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம்; காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கார்புரேட்டராக இருந்தால் கரும்புகை கக்கியிருக்கும். ஹெட் கிளார்க் காற்றழுத்த சென்ஸாரைப் பார்த்துத் தானே பெட்ரோலைக் குறைத்துக்கொண்டார். கொஞ்சம் இழுவை குறைச்சல்தான். ஆனால் எழுபதாவது வளைவிலும் ஓடிக்கொண்டிருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஆகாய கங்கைக்கு அங்கிருந்து ஆயிரத்துக்கு மேல் படி இறங்கவேண்டும். இறங்குவது சுகம். ஏறும்போது என் இன்ஜின்தான் மூன்று இடத்தில் நின்றது. அதற்கும் ஸ்கேனரில் கோடு கிடையாது.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப். கொல்லிமலையில் கிடைக்கிற கிழங்கு. பார்க்க ரோமம் முளைத்த ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சொன்னார். மனைவி சிராய்ந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே இரண்டு மடக்குக் குடித்தாள்.

"அந்த டப்பா எவ்வளவுங்க?"

"அது... ஒரு எட்டாயிரம்."

"ஸீட்டுக்கு அடியிலே பில்லு இருந்துச்சு. அந்த அண்ணன் கழட்டறப்போ பார்த்தேன்."

நான் சூப்பை ஊதினேன். ஏற்கெனவே ஆறியிருந்தது.

"இன்னொரு கிளாஸ் சொல்லுங்க" என்றாள். "பதினெட்டாயிரத்துக்கு எத்தனை கிளாஸ் வரும்?"