எடுத்த படமும் கொடுத்த படமும்

காரைக்காலுக்குப் போகிறேன் என்றால் நண்பர்கள், ‘திருநள்ளாறா?’ என்பார்கள். இல்லை என்றால், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்பார்கள். அது இங்கே எழுதத் தக்கதல்ல! நான் போவது கேமராவோடு, பழைய தெருக்களையும் அரசலாறு கடலில் கலக்கும் இடத்தையும் பார்க்க.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. சுற்றிலும் தமிழ்நாடு, இது மட்டும் புதுச்சேரி. அந்தக் காலத்தில் சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் இங்கே உண்டு. அகலமான திண்ணை, மரத்தூண், வெயில் இறங்கும் முற்றம் என்று சில வீடுகள் இன்னும் நிற்கின்றன. காலை ஏழு மணிக்குச் சாய்வெயில் தூண்களில் விழும்போது எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் தெரு முழுக்க டூவீலர்கள்தான்.

போன வருடம் ஆனிப் பௌர்ணமி, மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்ட புனிதவதியார், காரைக்கால் அம்மையாரான கதை உங்களுக்குத் தெரியும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே ஆயிரம் கைகள். என் தோளில் ஒரு பழம் விழுந்து உருண்டது. கையில் கேமரா இருந்ததால் பிடிக்க முடியவில்லை. பக்கத்துப் பையன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை அரசலாற்றங்கரை. தண்ணீர் வற்றியிருந்தது. அலையாத்தி மரங்களைச் சுற்றி, சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஆணி அடித்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கொக்குகளை எடுத்துவிட்டுத் திரும்பினால், கரையில் ஓர் அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரையும் நாலு படம் எடுத்தேன்.

“ஏன் தம்பி, இதெல்லாம் எங்க போவுது?” என்றார்.

“கம்ப்யூட்டர்ல இருக்கும்மா.”

“எங்களுக்கு வருமா?”

பதில் வரவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சுற்றுகிறேன். ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான முகங்கள். ஒருவருக்குக்கூட ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். நாத்தனார் வீட்டுக் கல்யாண குரூப் போட்டோ. பின்வரிசையில் அவர் கணவர், கட்டைவிரல் நகமளவு முகம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் குடும்பம் தப்பியது. கல்யாண ஆல்பம், பீரோ எல்லாம் போய்விட்டது. கணவர் காலமாகி ஆறு வருடம். “மாட்டி வைக்க ஒரு படம் இல்ல தம்பி. இவரை மட்டும் தனியா எடுக்க முடியுமா?”

முடியும். படத்தை வாசல் நிழலில், பலகைமேல் வைத்தேன். பிளாஷ் போட்டால் பளபளப்பு அடிக்கும், போடவில்லை. கேமராவை நேர் மேலே, கோணாமல் பிடித்து, பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்தேன். உங்கள் வீட்டுப் பழைய படங்களையும் செல்போனில் இப்படியே எடுத்து வைக்கலாம். இன்றைக்கே செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து, கறைகளைச் சரிசெய்ய மூன்று ராத்திரி ஆனது. ஸ்டூடியோக்காரர், “ரொம்பப் பெரிசா போட்டா முகம் உடைஞ்சிடும் சார்” என்றார். அளவாகவே போட்டு, சட்டமிட்டு, பத்து நாள் கழித்து பஸ் ஏறினேன். கருவாட்டோடு அவரை எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா சட்டத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“இவ்ளோ சின்னப் பையனாவா இருந்தாரு!”

கிளம்பும்போது, வேண்டாம் என்றாலும் கேட்காமல், செய்தித்தாளில் சுற்றி ஒரு கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். பஸ் முழுக்க வாசனை. பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்.

இப்போது என் கேமரா பையில் ஒரு நோட்டு இருக்கிறது. யாரை எடுத்தாலும் முதலில் அவர்கள் விலாசம். போன மாதம் தபாலில் போனவை பதினான்கு பிரின்ட். இன்னும் நிறைய பாக்கி.