அதுவரை சாப்பாடு?

முதுகுளத்தூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கப் போகும் ஒரு பெண், நாலு வருஷமாகச் செய்தித்தாள் துணுக்குகளை வெட்டி ஒரு கோடு போட்ட நோட்டில் ஒட்டி வருகிறாள். ஊர் டீக்கடையில் எடைக்குப் போட வைத்திருக்கும் பழைய பேப்பர்தான் அவளுக்கு மூலதனம். சினிமா, அரசியல் எதுவும் அந்த நோட்டில் கிடையாது. மலையை உடைத்தவர், கால்வாய் வெட்டியவர், விதை சேர்த்தவர் என்று தனியாளாக நின்று சாதித்தவர்களைப் பற்றிய செய்திகள் மட்டும்தான். ஒவ்வொரு துணுக்குக்குக் கீழேயும் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதி வைத்திருக்கிறாள்: 'அதுவரை சாப்பாடு?'

கேள்வி அவளுடையது அல்ல, அவளுடைய அப்பத்தாவுடையது. ஈமு கோழி மோகம் தலைவிரித்து ஆடிய காலத்தில், சித்தப்பா ஒரு பேப்பரைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்துக் காட்டினார். பெரிய பறவைக்குப் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் ஒரு விவசாயியின் படம். முன்பணம் கட்டினால் குஞ்சும் தீனியும் தருவார்கள், மாதாமாதம் பணமும் தருவார்கள் என்று செய்தி. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்த அப்பத்தா, "அது பெருசாகி காசு வர்ற வரைக்கும் பிள்ளைகளுக்கு என்னத்தடா ஆக்கிப் போடுவ?" என்று கேட்டாராம். சித்தப்பாவிடம் பதில் இல்லை. ஒரு ஏக்கரை விற்று முன்பணம் கட்டினார். 2012-ல் அந்தத் தொழிலே தமிழ்நாட்டில் சரிந்தது. தீனி வருவதும் நின்றது, பணம் வருவதும் நின்றது. சித்தப்பா குடும்பம் திருப்பூர் பனியன் வேலைக்குப் போனது. அப்போது இந்தப் பெண் இரண்டாம் வகுப்பு.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் சாதனைச் செய்திகளை வெறுத்திருக்க வேண்டும். ஆனால் தேடித் தேடிப் படித்தாள். செய்தியில் இருக்கும் சந்தோஷமும் அவளுக்கு வேண்டியிருந்தது, செய்தியில் விட்டுப்போன கணக்கும் வேண்டியிருந்தது.

முதல் பக்கத்தில் தசரத் மாஞ்சி. பீகாரில் கயா பக்கம் கெலோர் என்ற ஊர். மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், அடிபட்ட மனைவிக்கு உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமையில், சுத்தியலும் உளியும் கொண்டு 1960 முதல் 1982 வரை 22 வருஷம் பாறையை உடைத்து வழி உண்டாக்கியவர். எல்லாரும் 22 வருஷத்தைப் பார்த்து மலைப்பார்கள். இவள் கண்ணில் பட்டது வேறு. நிலமில்லாத கூலித் தொழிலாளியான அந்த மனிதர், மலை உடைத்த காலமெல்லாம் பிழைப்புக்குக் கூலி வேலையும் பார்த்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'கூலி வேலை. பிறகு மலை' என்று எழுதியிருக்கிறாள்.

அடுத்தது அவளுக்கு மிகவும் பிடித்த செய்தி. கர்நாடகாவில் தட்சிண கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த அமை மகாலிங்க நாயக், பாக்கு மரமும் தென்னை மரமும் ஏறும் கூலித் தொழிலாளி. நில உரிமையாளர் கொடுத்த 2 ஏக்கர் மேட்டு நிலத்தில் தண்ணீர் கிடையாது. பகலில் மரமேறிவிட்டு, மீதி நேரத்தில் விளக்கு வைத்துக்கொண்டு மலைச்சரிவைக் குடைந்தார். கிணறு மாதிரி கீழ்நோக்கி அல்ல, படுக்கைவாட்டில் ஆள் நுழைகிற சுரங்கம். ஒன்றிரண்டல்ல, பல சுரங்கங்கள் வறண்டுபோயின. வருஷங்கள் ஓடின. கடைசியில் ஒன்றில் ஊற்று கண் திறந்தது. மோட்டார் இல்லாமல் தானாக இறங்கி வரும் அந்தத் தண்ணீரில் பாக்கும் தென்னையும் வைத்தார். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி அவள் அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன மண்ணுத்தா?" என்பதுதான். செம்புறைப் பாறை, சரிவு, நல்ல மழை என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, "நம்ம கரிசல்ல படுக்கையா தோண்டினா நம்மளத்தான் மூடும்" என்றார். விவசாயச் செய்தி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் வரியிலேயே மண்ணையும் மழையளவையும் போட்டுவிட்டால் எத்தனையோ பேருடைய பணம் மிஞ்சும். இந்தப் பத்திரிகையில் வரும் மகசூல் கதைகளும் அதற்கு விலக்கு அல்ல. அவர்கள் ஊரில் ஆழ்துளை போட்டால் பெரும்பாலும் உவர்த் தண்ணீர்தான். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாயை நம்பி இருக்க வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியும் நோட்டில் இருக்கிறது. அதன் கீழே அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்: "பேரு கெடச்சிருச்சு. வெலைய யாரு குடுப்பா?"

தேக்கம்பட்டி பாப்பம்மாளைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் 105 வயதிலும் வயலில் இறங்கியவர் என்று 2021-ல் பத்மஸ்ரீ வந்தபோது எல்லாப் பேப்பரும் வயதைத்தான் தலைப்பில் போட்டன. 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோதும் அதே தலைப்புதான். இந்தப் பெண் பென்சிலால் கோடு போட்டது நடுவில் ஒளிந்திருந்த ஒரு தகவலின் அடியில். பாட்டியிடமிருந்து வந்த மளிகைக் கடையையும் சாப்பாட்டுக் கடையையும் நடத்தி, அந்த வருமானத்தில்தான் பாப்பம்மாள் நிலம் வாங்கினார். வணிகவியல் படிக்கிற பிள்ளைக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? கடைதான் காட்டைக் காப்பாற்றியது என்று அப்பாவிடம் சொன்னாள். "அப்ப நீயும் ஒரு வேலைக்குப் போ, அதத்தான நானும் சொல்றேன்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அப்பாவுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கே அதுதான். படிப்பு முடிந்ததும் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறேன் என்கிறாள் அவள். "நீயும் இந்த வெயில்ல கெடந்து வேகணுமா?" என்கிறார் அவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர், கூட்டுறவு வங்கியில் ஒரு நகைக்கடன்.

அவளைத் தூங்கவிடாமல் செய்த செய்தி ஒடிசாவில் இருந்து வந்தது. கியோஞ்சர் மாவட்டத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்த தைத்தாரி நாயக், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, மலை ஓடைத் தண்ணீரை வயல்களுக்குக் கொண்டுவந்த பழங்குடி விவசாயி. சுமார் 100 ஏக்கர் பாசனம் பெற்றது. 2019-ல் பத்மஸ்ரீ. இதுவரை எல்லாரும் படித்த கதை. அதே வருஷம் ஜூன் மாதம் இன்னொரு செய்தி வந்தது. விருது வாங்கிய பெரிய மனிதரைக் கூலிக்குக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று ஊரார் வேலை தருவதில்லை, எறும்பு முட்டையைத் தின்று காலம் தள்ளுகிறோம், விருதைத் திருப்பிக் கொடுத்துவிட நினைக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது அவர் 70 வயதைக் கடந்தவர்.

இரண்டு துணுக்குகளையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அங்கே மட்டும் கேள்வி மாறியிருக்கிறது: 'அதுக்கப்புறம் சாப்பாடு?'

அப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பேப்பர்க்காரன் போட்டோ எடுக்க வர்றது அறுப்பு அன்னைக்குத்தான்த்தா. களையெடுக்கையிலயும் வரமாட்டான், நெல்ல வித்த காசு தீந்தபெறகும் வரமாட்டான்" என்றார்.

அவள் இந்த மாதிரிப் பத்திரிகை கையில் கிடைத்தால் முதலில் கேள்வி-பதில் பகுதியைத்தான் திறப்பாள். தென்னையில் குரும்பை உதிர்கிறது, மிளகாயில் இலை சுருளுகிறது, கன்றுக்குக் கழிச்சல் நிற்கவில்லை என்று கேட்கிறவர்கள் யாரும் படத்தில் சிரிப்பதில்லை. ஆனால் அங்கேதான் ஒரு விவசாயி நிஜமாக எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிகிறது என்பது அவள் எண்ணம். தவறில்லை.

தனியாள் கதைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அவர்கள் காட்டுக்குள் நுழைந்தது. அது 'நெல்' ஜெயராமன் கதை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்துப் பரப்பியவர். 2018 டிசம்பரில் காலமானார். அவர் வகுத்த ஏற்பாடு எளிமையானது. 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் தேவையில்லை. பயிர் போனால் போவது 2 கிலோ நெல். இதில் 'அதுவரை சாப்பாடு?' என்ற கேள்விக்கே இடமில்லை. நிலத்தின் ஒரு மூலை போதும், மீதி நிலம் வழக்கம்போல் சோறு போடும்.

நெல் திருவிழாவுக்குப் போய்வந்த பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் நொறுங்கன் 2 கிலோ இருந்தது. வறட்சி தாங்கும் ராமநாதபுரத்துப் பழைய ரகம் அது. பெயரைக் கேட்டதும் அப்பா முகம் மாறிவிட்டது. அப்பத்தா காலத்தில் வீட்டுக் குலுக்கையில் கிடந்த நெல்லாம் அது. ஆவணியில் கண்மாய்க்கரை ஓரம் 5 சென்டில் புழுதி விதைப்பாக விதைத்தார்கள். ஐப்பசி மழையில் முளைத்துக் கிளம்பியது. நடுவில் 20 நாள் மழை நின்றபோது பக்கத்து வயலின் ஒட்டு ரகம் சுருண்டது, இது இலை மடங்கி நின்று அடுத்த மழையில் நிமிர்ந்தது. மகசூல் அப்படி ஒன்றும் அதிகமில்லை. தையில் அறுத்துத் தூற்றியபோது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. வைக்கோல் மட்டும் நல்ல உயரம், மாட்டுக்கு ஆயிற்று.

4 கிலோவைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தெருவில் இரண்டு பேர் ஆளுக்கு 2 கிலோ வாங்கிப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரின் பெயரையும் தேதியோடு பற்று எழுதி வைத்திருக்கிறாள். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அது முடிந்ததும் பரமக்குடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் பேசியாகிவிட்டது. சம்பளத்தில் முதலில் நகையை மீட்பது என்று முடிவு. வரும் ஆவணியில் ஒரு ஏக்கரில் நொறுங்கன் போட வேண்டும் என்று கேட்டாள். அப்பா 30 சென்டுக்கு ஒத்துக்கொண்டார்.