வரையாமல் விட்ட சதுரம்

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். "உங்க கூடப் பிறந்தவங்க?" என்று மரபணு ஆலோசகர் கேட்டபோது, "நான் ஒரே பிள்ளை" என்றேன்.

மனைவிக்கு அப்போது வயது 36, பதினாறாவது வாரம். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று ரத்தப் பரிசோதனை காட்டியிருந்தது. பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஆலோசகர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாதிப்பு உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புவார்கள். என் அப்பா அம்மாவுக்குக் கீழே ஒற்றைச் சதுரம் மட்டும் விழுந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி நண்பர்கள் வந்தால் அண்ணனைப் பின்கட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து பழகிய பொய் அது. ஆனால் இந்த முறை நான் மறைத்தது மருத்துவத் தகவல். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும், மிகையான 21ஆம் குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு, என்னைப் போல நலமாக இருக்கும் உடன்பிறந்தவரிடமும் இருக்கலாம். என் ரத்தத்தைச் சோதித்தாலே தெரிந்துவிடும். அதைச் சொல்லாமல், அரைகுறை விவரத்தின் மேல் நின்ற ஆலோசனையை நம்பி, பரிசோதனைக்கு அவளைக் கையெழுத்துப் போட வைத்தேன். ஸ்கேனில் குழந்தையைப் பார்த்தபடி வயிற்றில் ஊசி ஏற்றிச் சுமார் 20 மில்லி நீர் எடுத்தார்கள். கருச்சிதைவு அபாயம் சிறியதுதான், ஆனால் உண்டு. அதைத் தாங்கியது அவள் உடம்பு.

"உங்க அண்ணன இல்லேன்னுட்டீங்களே" என்றாள் அன்றிரவு. அதற்கு மேல் பேசவில்லை. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த இரண்டு வாரமும் அண்ணன் தினம் கேட்டான்: "பாப்பா எப்ப வரும்?"

46 குரோமோசோம்கள், குறை ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகுதான் போய் உண்மையைச் சொன்னேன். ஆலோசகர் இன்னொரு சதுரம் வரைந்து நிரப்பினார். என் ரத்தத்திலும் ஒட்டு இல்லை.

ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். குழந்தை வேண்டாம் என்று, அவளைக் கேட்காமலே, மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அண்ணனைப் போல ஒரு பிள்ளை வேண்டாம் என்பதுதான் அந்த முடிவு.

அவனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். அவனுக்குப் புரியும்.