பஞ்சுக்குள் ஓர் ஊர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் தந்தைக்கும் பதினோராம் வகுப்பில் பயிலும் மகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. மீன்தொட்டியை அவர் வாங்கித் தருவார். அதைப் பேணும் செலவை அவள் தன் கைச்செலவுப் பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு தங்கமீன்கள் வந்தன. தொட்டியின் விளிம்பில் சிறிய வடிகட்டி ஒன்று தொங்கியது.

வடிகட்டியினுள் செருகும் கார்ட்ரிட்ஜ் என்பது ஒரு நெகிழிச் சட்டம், அதன்மேல் வெண்பஞ்சு, உள்ளே ஒரு பிடி கரி, அவ்வளவே. மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. அதன் விலையோ வீட்டின் மூன்று நாள் பால் செலவு. முதல் மாதம் முடிந்ததும் அவள் சொன்ன சொல் தவறாமல் புதியதை வாங்கிப் பொருத்தி, பழுப்பேறி வழவழத்த பழையதைக் குப்பையில் எறிந்தாள். நீர் பளிங்குபோல் தெளிந்தது. நான்காம் நாள் காலையில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. எஞ்சிய இரண்டும் நீர்மட்டத்தில் வாய் திறந்து திணறின.

தந்தையும் மகளும் பாடி வழியாக இரட்டை ஏரியை அடுத்த கொளத்தூருக்குச் சென்றனர். வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஊர் அது. கடைக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணே, பழைய பஞ்சை என்ன பண்ணீங்க?” எறிந்துவிட்டதாக அவள் சொன்னாள். “அதுலதாம்மா உயிரே இருந்துச்சு” என்றார் அவர்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது நிறமற்றது, நீர் தெளிந்திருப்பதால் அது இல்லை என்று பொருளில்லை. ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொருவகை, அந்த நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த இரு படிநிலைகளையும் 1890ஆம் ஆண்டையொட்டித் தெளிவுபடுத்தியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அவர் ஆராய்ந்தது மண்ணை. ஆயினும் வயலில் நிகழ்வதே ஒரு கையளவு பஞ்சிலும் நிகழ்கிறது. புதிய தொட்டியில் இவ்வுயிரிகள் போதுமான அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். அவள் அழுக்கென்று எறிந்தது அந்தக் குடியிருப்பைத்தான். அட்டைப்பெட்டி இதைச் சொல்லவில்லை. சொன்னால் மாதந்தோறும் விற்பனை ஆகாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனிக் கார்ட்ரிட்ஜை வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. பணத்தை மிச்சப்படுத்த எண்ணித்தான் அவள் தொடங்கினாள். முதலில் கரிக்காகக் கொட்டாங்கச்சியை எரித்தாள். தந்தை அவசரப்படவில்லை, அதை ஒரு வாளி நீரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அந்நீரில் தோய்ந்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாயிற்று. கரியோடு ஒட்டிய சாம்பல் நீரைக் காரமாக்கியிருந்தது. காரம் ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் ஏறும். கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் கொட்டாங்கச்சிக் கரிதான்; காங்கேயம் வட்டாரத்தில் அத்தொழில் பெரிதாக நடக்கிறது. ஆனால் அதனை 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, நீராவி செலுத்தி, எண்ணற்ற நுண்துளைகளைத் திறக்கின்றனர். அடுப்பில் ஆகிற காரியமன்று. மேலும், அக்கரி நிறத்தையும் நாற்றத்தையும் மருந்தின் எச்சத்தையும் ஈர்க்குமே தவிர அம்மோனியாவைப் பெரிதாகத் தொடாது. ஆகவே கரியே வேண்டாம் என்று விட்டார்கள்.

எஞ்சியது பஞ்சு. தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சில் சாயமோ நறுமணமோ இல்லாததாகத் தேர்ந்தெடுத்தாள். பருத்தி நூல் நீரில் மக்கும், கம்பி துருப்பிடிக்கும், செம்போ மீனுக்கு நஞ்சு. தந்தை தூண்டில் நரம்பைக் கொண்டுவந்தார். பழைய கொசுவலையின் நைலான் துண்டை உறையாக்கி, பஞ்சைப் பொதிந்து, நெகிழிச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்தாள். முதல் உறை மிக இறுகிப்போய் நீர் புகாமல் ஓரமாக வழிந்தது. அரை மில்லிமீட்டர் பிசகையும் பொறுக்காத கடைசல்காரர், “தளர்த்தித் தை, தண்ணீருக்கும் வழி வேண்டுமல்லவா” என்றார். பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நுரைத்துண்டையும் செருகினார்கள். பஞ்சு கிழிந்து மாற்ற நேரும்போதும் நுரைத்துண்டு இடம்பெயராமல் இருக்கும் என்பது ஏற்பாடு.

ஊர் மீண்டும் குடியேறும்வரை நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றினாள். குழாய்நீரில் உள்ள குளோரின் மீனையும் கொல்லும், நுண்ணுயிரியையும் கொல்லும். அதனால் நீரை வாளியில் பிடித்துத் திறந்தபடி ஒருநாள் வைத்திருந்து ஊற்றினாள். பஞ்சை அலசுவதும் குழாயடியில் அன்று. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, பிழியாமல், இருமுறை முக்கி எடுத்தாள். கடைக்காரர் தந்த சோதனைத்துளிகள் அம்மோனியா இருந்தால் பச்சையாகும். ஐந்து வாரம் அவை பச்சை காட்டின. பச்சை வெளிறிக்கொண்டே வந்தது. ஆறாம் வாரத்தில் மஞ்சளாகவே நின்றன. இரண்டு மீன்களும் பிழைத்திருந்தன.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுச் சிறுவன் புதிதாக ஒரு தொட்டி வாங்கினான். அவள் தன் நுரைத்துண்டில் பாதியை வெட்டி, தொட்டி நீரோடு ஒரு பையில் கட்டி, ஈரம் உலருமுன் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.