கரி சொல்வதும் சொல்லாததும்

எரிந்த உடல் மேசைக்கு வந்தால், கத்தியைத் தொடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பிணத்துக்கு எதற்கு எக்ஸ்ரே என்பார்கள். நம் ஊரில் தோட்டா அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் தீ வைப்பவன் எதை மறைக்க வைத்தான் என்பது நமக்குத் தெரியாதே. மண்டையோடு கரியானாலும் தோட்டா புகுந்த ஓட்டையின் உள்விளிம்பு வெளிவிளிம்பை விட அகலமாகச் சரிந்திருக்கும். எரிந்த எலும்பிலும் அந்தச் சரிவைப் படிக்கலாம்.

தடயவியல் மருத்துவத்தில் தீயைப் போலப் பொய் சொல்லும் பொருள் வேறில்லை. கைகால் மடங்கி, முட்டி உயர்ந்து கிடக்கும் உடலைப் பார்த்து உறவினர்கள், "கடைசி வரைக்கும் போராடியிருக்கா டாக்டர்" என்று அழுவார்கள். வெப்பத்தில் தசை இறுகிச் சுருங்குவதால் வரும் நிலை அது. இறந்து கிடந்த உடலை எரித்தாலும் வரும். தோல் வெடித்துப் பிளந்த இடத்தை வெட்டுக்காயம் என்று காவல்துறையின் இன்க்வெஸ்ட் அறிக்கையில் எழுதி வருவதுண்டு. கபாலத்துக்குள் வெப்பத்தால் சேரும் ரத்தம் அடிபட்ட ரத்தக்கட்டு போலவே இருக்கும். பழுப்பு நிறமும் உள்ளே துளை துளையான அமைப்பும் தெரிந்தவர்தான் ஏமாறாமல் தப்பிப்பார்.

இத்தனைக்கும் நடுவில் காவல்துறை கேட்பது ஒரே கேள்வி: தீப்பிடித்தபோது உயிர் இருந்ததா? 'ஸ்டவ் வெடித்துவிட்டது' என்று கொண்டுவரப்பட்ட இளம் பெண்களால் இந்தக் கேள்வி நம் பிணவறைகளுக்கு மிகப் பழக்கமானது. மூளையையும் நெஞ்சு உறுப்புகளையும் எடுத்து, கழுத்தில் ரத்தம் வடிந்த பிறகே கழுத்தைத் திறப்போம். மூச்சுக்குழாயைப் பின்பக்கமாக நீளவாக்கில் வெட்டிக்கொண்டு கீழே போக வேண்டும். உயிருடன் இருந்தவர் என்றால், சளியோடு ஒட்டிய கரித்துகள் குரல்நாணுக்குக் கீழே, மூச்சுக்கிளைகள் வரை தெரியும். வெள்ளைத் துணியால் ஒற்றினால் கறுப்பு ஏறும். வாயிலும் மூக்கிலும் இருக்கும் கரியை நான் கணக்கில் எடுப்பதில்லை. திறந்த வாய்க்குள் அது தானாகவே போய்ப் படியும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று அடுத்து பார்ப்போம். புகைபிடிப்பவரிடம் பத்து சதவீதம் வரை இருக்கலாம். புகையில் மூச்சுத் திணறி இறந்தவரிடம் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டும். எரிபொருள் ஊற்றிக் குப்பென்று பிடித்த தீயில் அளவு குறைவாகவே இருக்கும். அதனால், இல்லை என்பதை வைத்து மட்டும் இறந்த பிறகு எரித்தார்கள் என்று எழுதிவிட முடியாது.

இந்தக் கரி ஒரு மனிதனின் தலையெழுத்தை எப்படி எழுதியது என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழக்கு டெக்சாஸில் நடந்தது. 1999 ஜூன் 21, கில்லீன் நகரம். அயோவாவிலிருந்து வந்திருந்த இளம் தம்பதி. இருவரும் தேவாலயத்தில் இளைஞர் ஊழியம் செய்தவர்கள். தங்களைக் காரில் கொண்டுபோய் விடும்படி கேட்ட பையன்களை ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பையன்கள் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறித்து, இருவரையும் டிக்கியில் அடைத்தார்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கப் பார்த்தார்கள். திருமண மோதிரத்தை அடகு வைக்கப் பார்த்தார்கள். இப்படியே மணிக்கணக்கில் சுற்றினார்கள். பின் இருக்கை வழியாக அந்தத் தம்பதி கடவுளைப் பற்றி அவர்களிடம் பேசிக்கொண்டே வந்ததாக விசாரணையில் தெரிந்தது. முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் கொலைக்குச் சொல்லப்பட்ட காரணம். கொள்ளை இப்படிக் கொலையாவதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஃபோர்ட் ஹூட் ராணுவ நிலத்திலுள்ள பெல்டன் ஏரிப் பூங்காவில் காரை நிறுத்தினார்கள். பத்தொன்பது வயது கிறிஸ்டோபர் வியால்வா டிக்கியைத் திறந்து இருவரையும் தலையில் சுட்டான். காருக்குள் லைட்டர் திரவம் ஊற்றப்பட்டிருந்தது. தீ வைத்தது பதினெட்டு வயது பிராண்டன் பெர்னார்ட் என்பது அரசுத் தரப்பு. காரைப் பறித்தபோது அவன் அங்கே இல்லை. பிறகுதான் வந்து சேர்ந்தான். தப்பிக்கப் பார்த்த அவர்களுடைய வண்டி பள்ளத்தில் இறங்கிவிட, அங்கேயே பிடிபட்டார்கள்.

அமெரிக்காவில் ஆளை மிரட்டிக் காரைப் பறிப்பது 1992இல் மத்திய அரசுக் குற்றமானது. அதில் உயிர் போனால் மரண தண்டனை என்பது 1994இல் சேர்ந்தது. போதாக்குறைக்குக் கொலை நடந்தது ராணுவ நிலத்தில். 2000இல் வேக்கோ நகர மத்திய நீதிமன்றத்தில் இருவர் மீதும் வழக்கு நடந்தது.

கணவர் குண்டு பட்டதுமே இறந்தார். மனைவி நினைவிழந்தார், அவர் இறந்தது புகையைச் சுவாசித்ததால் என்பது அரசுத் தரப்பு மருத்துவச் சாட்சியம். ஜூரி வியால்வாவுக்கு மரணம் என்றது. பெர்னார்டுக்குக் கணவரின் கொலைக்கு ஆயுள். மனைவியின் கொலைக்கு மட்டும் மரணம். என்னைப் போன்றவன் இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரே கார், ஒரே தீ. ஒரு மூச்சுக்குழாயில் புகை போயிருந்தது, இன்னொன்றில் போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பெர்னார்டின் வக்கீல்களுக்காக ஆவணங்களைப் பார்த்த நிபுணர், தீக்கு முன்பே அந்தப் பெண் மருத்துவ ரீதியில் இறந்திருந்தார் என்றார். இரண்டு மருத்துவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று செய்தித்தாள் வாசகர் நினைப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருமூளை சிதைந்தவரிடம்கூட மூளைத்தண்டின் அடிப்பகுதி வேலை செய்தால் சிறிது நேரம் மூச்சு ஓடும். மூச்சு ஓடினால் புகை உள்ளே போகும். கரியைப் பார்த்தவர் "மூச்சு இருந்தது" என்பார். காயத்தைப் பார்த்தவர் "பிழைக்க வழியில்லை" என்பார். இரண்டும் ஒரே உடலில் உண்மையாக இருக்கலாம்.

அவள் உணர்ந்தாளா என்பதைக் கரி சொல்லாது. தீக்குச்சி கிழித்தவன் அவள் உயிருடன் இருப்பதாக நினைத்தானா, இரண்டு பிணங்களையும் தடயத்தையும் எரிப்பதாக நினைத்தானா என்பதையும் சொல்லாது. அவன் மனதில் இருந்தது என்ன என்பதைத் தீர்மானிப்பது ஜூரியின் வேலை. அதற்கு வேறு சாட்சியம் வேண்டும். ஆனால் 'உயிருடன் எரிக்கப்பட்டார்' என்ற இரண்டு சொற்கள் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டால் கேட்பவர்கள் அந்த இரு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவார்கள். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். இதைச் சொல்வதால் கொலைகாரர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். டிக்கியில் கிடந்த இருவர் மணிக்கணக்காக அனுபவித்ததற்கு மூச்சுக்குழாயின் சாட்சியம் தேவையே இல்லை. அதற்குத் தண்டனை கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தப் பையன்கள் இருந்த கும்பலில் பெர்னார்ட் அடிமட்டத்தில் இருந்தவன் என்று காவல்துறை நிபுணர் வரைந்த படிநிலைப் பட்டியல், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொருவரின் தண்டனையை மறுபடி தீர்மானிக்கும் விசாரணையில்தான் வெளியே வந்தது. அன்று மரண தண்டனை விதித்த ஜூரி உறுப்பினர்களில் ஐந்து பேர் தண்டனையைக் குறைக்கலாம் என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்று தண்டனையை நிறைவேற்றத் தடை கொடுக்க மறுத்தது. பட்டியல் மறைக்கப்பட்டதைச் சுட்டி நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இண்டியானாவின் டெர்ரே ஹோட் சிறையில் வியால்வாவுக்கு 2020 செப்டம்பர் 24, பெர்னார்டுக்கு டிசம்பர் 10 அன்று விஷ ஊசி போடப்பட்டது. இருவருக்கும் அப்போது வயது நாற்பது.

நம் நீதிமன்றங்களில் எரிந்த உடல் வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் ஒன்று கேட்கிறேன். "உயிருடன் எரிந்தாரா?" என்று ஒற்றைக் கேள்வியாக எங்களிடம் கேட்காதீர்கள். மூச்சு இருந்ததா என்று கேளுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு நினைவு இருந்திருக்க முடியுமா என்று தனியாகக் கேளுங்கள். பக்கத்தில் நின்றவருக்கு அவர் உயிரோடிருப்பது தெரிந்திருக்குமா என்று மூன்றாவதாகக் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வோம், இரண்டாவதற்குச் சில சமயம் சொல்வோம். மூன்றாவதற்கு "தெரியாது" என்போம். அந்தத் "தெரியாது" நீதிபதியின் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.