கயிற்றுக்கு முன் காலணி

மலையாறு நெடுங்காலம் பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழ்ந்த, குறுகிய பிளவுகளினூடே நடந்தும், நீந்தியும், கயிற்றில் இறங்கியும் செல்வதை மேலைநாட்டார் ஒரு வீரவிளையாட்டாகக் கொண்டுள்ளனர். 'கேனியனிங்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸயன் தேசியப் பூங்கா இதற்குப் பேர்போனது. திருப்பாடல்களில் நாம் பாடும் சீயோனின் பெயரே அது என்பதை வாசகர்கள் அறிவீர்களாக.

அந்நாட்டில் பணியாற்றும் நம் இளைஞர் சிலர், விடுமுறையில் அங்குச் செல்லக் கருதி, வாங்கவிருக்கும் பொருள்களின் பட்டியலை நமக்கு அனுப்பியிருந்தனர். முதலிடத்தில் இருநூறு அடிக் கயிறு! காலணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாம் கலங்கினோம். கயிறு கையிலிருந்தால் இறங்கத் தோன்றும். இறங்கிக் கயிற்றை உருவிவிட்டால் மீண்டும் ஏற வழியில்லை.

புதியவர்க்கு உரியது 'நேரோஸ்' என்னும் ஆற்றுவழி. கீழிருந்து நீரில் நடந்து, வேண்டியபோது திரும்பிவிடலாம். அதற்குக் கயிறு எதற்கு? வழுக்காத அடிப்பாகமுள்ள, கணுக்காலைத் தாங்கும் மூடிய காலணியும், ஊன்றுகோலும், குளிர்நாளாயின் நியோப்ரீன் காலுறையும் போதும். பருத்தியாடை ஆகாது; நனைந்தால் உடற்சூட்டைப் பறித்துவிடும். அருகிலுள்ள ஸ்பிரிங்டேலில் இவை வாடகைக்கே கிடைக்கின்றன.

சற்றுத் தேர்ந்தவர்கள் 'சப்வே' வழியில் மேலிருந்து இறங்குவர். அதற்குப் பூங்காவின் அனுமதிச்சீட்டு வேண்டும். தலைக்கவசம், இடைவார், கயிற்றைப் பற்றி இறங்கும் உலோகக் கருவி, உடல் முழுதும் மூடும் ரப்பர் உடை ஆகியவை அப்போதுதான் தேவையாகின்றன. மலையேறுவோரின் இழுபடும் கயிறு இங்கே உதவாது. அது நீண்டு சுருங்குகையில் பாறைமுனையில் உராய்ந்து தேயும். ஆகவே அதிகம் நீளாத கயிறே ஏற்றது.

ஆனால் பொருளினும் பயன்படுத்தும் முறையன்றோ அரிது! வறண்ட பாறையில் இறங்குவோர் கயிற்றின் நுனியில் முடிச்சிடுவர். நுனி கருவியினூடே நழுவி ஆள் வீழாதிருக்க அது காவல். பாய்ந்து விழும் அருவியிலோ அதே முடிச்சு எமனாகலாம். கீழே சுழலும் நீரில் கயிற்றினின்று உடனே விடுபட வேண்டியவனை அது பிடித்து நிறுத்திவிடும். ஆகவே அங்கே முடிச்சிடாமல், நுனி நீர்மட்டத்தைத் தொடுமாறு நீளத்தை அளந்து விடுகின்றனர். அருவியின் நடுவே ஒருவன் சிக்கினால் மேலிருப்பவர் கயிற்றைத் தளர்த்தி அவனை இறக்குமாறும் கட்டுகின்றனர். இதைக் கடையில் வாங்க இயலாது; அறிந்தவரோடு பலமுறை சென்றே கற்க வேண்டும். 'ஹீப்ஸ்' பிளவின் முடிவில் ஏறக்குறைய 300 அடி அந்தரத்தில் தொங்கி இறங்குவோர் அவ்வாறு கற்றவர்களே. இருநூறு அடிக் கயிறு அவர்களுக்கும் போதாது என்பது வேறு செய்தி.

இன்னொன்று. 1999 ஜூலை 27-இல் சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்டன் ஓடையில், வழிகாட்டிகளுடன் உரிய உடையணிந்து சென்றவர்களுள் 21 பேர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். 2015 செப்டம்பர் 14-இல் ஸயனின் 'கீஹோல்' பிளவில் ஒரே குழுவினர் எழுவரும் அவ்வாறே மடிந்தனர். தலைக்குமேல் வானம் தெளிந்திருக்க, தொலைவில் பெய்த மழையும் அவ்விடுக்குகளில் பாய்ந்து வரும். அன்றன்றைய வெள்ள அபாய அளவைப் பூங்கா நிர்வாகம் அறிவிக்கின்றது. அதைப் பார்த்த பின்னரே பையைக் கட்டுமாறு இளைஞர்களுக்கு எழுதியுள்ளோம்.